பச்சைக் கோவையில் ஒரு விமானம்

கடந்த மாதம் என் பழைய திணைக்களத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் ஷர்மிளா என்ற இளம் பொறியியலாளர். ஒரு விமானம் பறக்கத் தகுதியானதா என்று பார்த்துக் கையொப்பமிடும் பறப்புத் தகுதிப் பிரிவில், என் கதிரையில் எனக்குப் பிறகு உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆள்.

"சேர், கைநூலைத் திரும்ப எழுதுறம். நாற்பத்தோராம் பக்கத்தில ஒரு பிரச்சினை."

"நாற்பத்தோராம் பக்கத்தில பிரச்சினை இருக்க ஏலாது. அது நான் எழுதின பக்கம்."

"அதுதான் சேர் உங்களுக்கு எடுத்தனான்."

ஒரு விமான வடிவமைப்பு எப்போது 'செயற்றிட்டம்' என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது என்பதை அந்தப் பக்கம் சொல்கிறது. நான்கு வாசகங்கள். அந்த விமானம் வேண்டுமென்று எழுத்தில் கேட்டு அதன் பொறுப்பை ஏற்ற ஒருவர் இருக்க வேண்டும். வரைபடங்கள் இலக்கமும் திகதியும் இடப்பட்டு, இனிக் கையொப்பமில்லாமல் ஒரு கோடும் அசையாது என்ற நிலைக்கு வந்திருக்க வேண்டும். அந்த வரைபடங்களின்படி உலோகம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் செயற்றிட்டம். நான்காவது வாசகம் இது: 'இது செயற்றிட்டமே என்று வடிவமைப்பாளர் தாமே கூறுவது கணக்கில் எடுக்கப்படமாட்டாது.'

அடியில் ஒரு குறிப்பும் உண்டு. அதே விமானத்தில் இரண்டாவதைச் செய்யும்படி ஒருவர் உத்தரவிட்டால், அன்றிலிருந்து அது நிகழ்ச்சித்திட்டம். ஒன்றைச் செய்ய ஆசை போதும். இரண்டாவதைச் செய்ய உதிரிப்பாகம், பயிற்சி, பழுது பார்ப்பவர்கள் எல்லாம் வேண்டும். இந்தக் குறிப்பைப் பற்றி எவரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை, ஏனெனில் இந்த நாட்டில் எவரும் அதுவரை போனதில்லை.

"நாலாவது கொஞ்சம் மரியாதை இல்லாத மாதிரி இருக்கு சேர். எடுத்துப்போடச் சொல்லுறாங்கள். ஏன் எழுதினீங்க எண்டு ஒரு குறிப்பு அனுப்பேலுமா?"

ஏலும் என்றேன். இது அந்தக் குறிப்பு. கேட்டதைவிடச் சற்று நீளம். ஓய்வு பெற்றவனிடம் குறிப்புக் கேட்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டும்.

இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் ஐந்து வருடம் பயிலுநராக இருந்தேன். பிறகு வெளிநாட்டில் பதினைந்து மாதங்கள் படித்தேன். குளிரையும் பறப்புத் தகுதிச் சட்டத்தையும் அங்கேதான் ஒருமிக்கக் கற்றேன். இரண்டும் எலும்புக்குள் இறங்கிவிட்டன. திரும்பி வந்ததும் திணைக்களத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளவத்தையில் ரெயில் ஏறி, இறங்கியதும் இரண்டு சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி, எட்டரைக்கு மேசையில் இருப்பேன். போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் அப்படித்தான். பிந்தியதில்லை. சாவடியில் மறித்துவைத்த நாட்களில் பிந்தியிருக்கிறேன், ஆனால் வரவுப் பதிவேட்டில் 'அரசு மறித்தது' என்று காரணம் எழுதிவிடுவேன். எவரும் ஆட்சேபித்ததில்லை.

எங்கள் பிரிவில் மூன்று நிறக் கோவைகள். பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கு நீலம். செயற்றிட்டங்களுக்குப் பச்சை. மற்றக் கடிதங்கள் எல்லாம் மஞ்சள். நீலமும் பச்சையும் நிரந்தரம். மஞ்சள் கோவையில் மூன்று வருடம் புதிதாக ஒரு தாளும் சேராவிட்டால், அதைப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். விதி நல்ல விதி. எந்தத் திணைக்களத்துக்கும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நெருப்புக்கென்றே எழுதப்பட்டவை.

என் மேலதிகாரி லியனகே. மெலிந்த, வெள்ளை நீளக்கைச் சட்டை போட்ட மனிதர். அவரிடம் ஒரு குறிப்பைக் கொண்டுபோனால் வாங்கி வாசிக்கமாட்டார். "நீயே வாசி, நாதன். நின்றுகொண்டு வாசி" என்பார். நாம் வாசிக்க, அவர் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். நாம் எழுதியதில் எங்கே பொய் இருக்கிறதோ அங்கே நம் குரலே இடறும். இடறிய இடத்தில் அவர் திரும்பிப் பார்ப்பார். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். நாம் அந்தத் தாளை மடித்துக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். பதினெட்டு வருடங்களில் அவர் என் குறிப்புகளில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தியதில்லை. நான்தான் நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன்.

நான் சேர்ந்து சில வருடங்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அனுப்பியவர் ஸ்டனிஸ்லாஸ் என்பவர். துறைமுகப் பட்டறை ஒன்றில் படவரைஞர். தென்னந்தோட்டங்களுக்கு மேலாகத் தாழப் பறந்து பூச்சிமருந்து தெளிக்க ஒரு சிறிய விமானத்தை வடிவமைத்திருப்பதாகவும் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டுமென்றும் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட கடிதங்கள் மாதம் ஒன்று வரும். நீரில் ஓடும் கார், சூரிய ஒளியில் பறக்கும் ஹெலிகொப்டர். நான் அலட்சியமாகத்தான் பிரித்தேன்.

உள்ளே பன்னிரண்டு வரைபடங்கள். மேசையில் விரித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். கறுப்பு மையில், கையால் கீறியவை. ஒரு கோடு தடித்து மற்றது மெலிந்து, ஒவ்வொன்றும் அது இருக்க வேண்டிய கனத்தில். எழுத்துகள் அச்சைப் போல. வெளிநாட்டில் பதினைந்து மாதம் பார்த்த எந்த வரைபடமும் அதற்குக் கிட்ட நிற்காது. விமானம் பறக்குமா என்பது வேறு கேள்வி. கீறியவருடைய கை நடுங்கவில்லை என்பது தெரிந்தது.

விதிப்படி அது மஞ்சள் கோவை. மூன்று வருடத்தில் சாம்பல். அதை எண்ணியபோது என் வாழ்நாளில் ஒரேயொரு முறை நான் விதியை வளைத்தேன். பச்சைக் கோவை ஒன்றை எடுத்து, 'செயற்றிட்டம் இலக்கம் 5' என்று எழுதி, பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன். அவருக்குப் பதிலும் போட்டேன்: 'உங்கள் கடிதம் கிடைத்தது. இனி எழுதும்போது செயற்றிட்டம் இலக்கம் 5 என்று குறிப்பிடவும்.' யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். நடைமுறை தெரிந்தவன் செய்யும் பிழைகளுக்குத் தனி அழகு உண்டு. அவை பதிவேட்டில் மிக ஒழுங்காக இருக்கும்.

சில வருடங்கள் கழித்து ஒரு குண்டு வெடிப்புக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகத் தேடினார்கள். ஸ்டனிஸ்லாஸின் வீட்டில் பன்னிரண்டு வரைபடங்களின் பிரதிகள் கிடைத்தன. ஒரு தமிழர், ஒரு விமானம், அதன் வயிற்றில் எதையும் நிரப்பக்கூடிய ஒரு தாங்கி, தாங்கியைத் திறக்க விமானி கையருகே ஒரு நெம்புகோல். கூடவே என் கையொப்பத்துடன் அந்தக் கடிதம். அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆறு வாரங்களின் பின் விசாரணைப் பிரிவிலிருந்து எங்கள் திணைக்களத்துக்கு இரண்டு வரிக் கேள்வி வந்தது: 'செயற்றிட்டம் இலக்கம் 5 என்று ஒன்று உண்டா? அதை அங்கீகரித்தவர் யார்?'

பதிவேட்டின்படி உண்டு. அங்கீகரித்தவர் எவருமில்லை. அப்படியானால் இரகசியமாக விமானம் கட்டும் திட்டம் ஒன்று, திணைக்களத்துக்குள்ளேயே ஒரு தமிழ் உத்தியோகத்தர் இலக்கம் கொடுத்தது. அந்த இரண்டு வரியும் என்னையும் பிடிக்கப் போதுமானவை. ஆனால் நான் வெளியே இருந்தேன். அவர் உள்ளே இருந்தார்.

லியனகேயிடம் போனேன். வழக்கம்போல நின்றுகொண்டு வாசித்தேன். முடித்ததும் கேட்டார்.

"பச்சைக் கோவை திறந்தது யார்?"

"நான், சேர்."

"ஏன்?"

"வரைபடங்கள் எரிந்துபோகக்கூடாது என்று."

அவர் யன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "இது செயற்றிட்டமா இல்லையா என்று எழுதாதே. செயற்றிட்டம் என்றால் என்ன என்று எழுது. மதியத்துக்கு முன் கொண்டுவா. இந்த மனிதரின் பெயர் அதில் எங்கும் வரக்கூடாது."

முப்பது வருடங்களாக அந்தச் சொல்லைப் பாவித்த திணைக்களத்தில் அதற்கு வரைவிலக்கணம் இருக்கவில்லை. பதினொரு மணிக்கு முதல் மூன்று வாசகங்களையும் எழுதி முடித்தேன். வாசித்தேன். குரல் இடறவில்லை.

"நல்லது. இனி இதை எல்லாப் பச்சைக் கோவைகளுக்கும் பொருத்து. ஐந்துக்கு மட்டும் பொருத்தினால் அது வரைவிலக்கணம் அல்ல, உதவி. ஒன்றிலிருந்து தொடங்கு."

பச்சைக் கோவைகள் மொத்தம் ஆறு. இலக்கம் ஒன்று, லியனகே இளைஞராக இருந்தபோது தாமே வடிவமைத்த பயிற்சி விமானம். அந்தக் கோவை அவருடைய அலுமாரியில், அவருடைய சொந்தப் பூட்டில் இருந்தது. நான் தயங்கினேன்.

"இலக்கம் ஒன்று. கேட்டவர் உண்டா?" என்று அவரே தொடங்கினார்.

"எழுத்தில் எவரும் கேட்கவில்லை, சேர்."

"உலோகம்?"

"வெட்டவில்லை."

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பதிவேட்டில் தம் பெயரின் குறுக்கே ஒரு கோடு கீறினார். அளவுகோல் வைத்துக் கீறினார். பிறகு, "இரண்டு?" என்றார். மதியத்துக்குள் ஆறில் நான்கு போய்விட்டன. ஒன்று அமைச்சர் ஒருவரின் மைத்துனருடையது. அதைக் கீறும்போது அவர் முகத்தில் ஒரு சிறிய மகிழ்ச்சி தெரிந்ததாக எனக்கு ஞாபகம். இலக்கம் ஐந்தில் மட்டும் நிறுத்தினார். "இதில் உலோகம் வெட்டியிருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. தெரியாததைக் கீறமுடியாது. கேட்போம்."

விசாரணை ஓர் அரச கட்டடத்தின் மூன்றாம் மாடியில். விசாரணை அதிகாரி நாற்பது வயது மதிக்கத்தக்கவர், மரியாதையானவர், முழுக்கச் சிங்களத்தில் பேசினார். நாங்களும் அப்படியே. தமிழைக் கேட்க நேர்ந்தது ஒரேயொரு தடவை. அதற்கு வருகிறேன்.

ஸ்டனிஸ்லாஸை அப்போதுதான் முதன்முதல் கண்டேன். குள்ளமான மனிதர். சட்டை அவருக்குப் பெரிதாகியிருந்தது. வந்து உட்கார்ந்ததும் மேசையில் கிடந்த தன் வரைபடங்களை விளிம்பு பார்த்து அடுக்கினார். எவரோ ஒன்றை மடித்திருந்தார்கள். அதை உள்ளங்கையால் நீவிக்கொண்டேயிருந்தார்.

அதிகாரி என் மூன்று வாசகங்களையும் வாசித்தார். "முதலாவதை என்னால் சோதிக்க முடியாது. எவரும் கேட்கவில்லை என்கிறீர்கள். இரகசியமாகக் கேட்டிருந்தால் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"இரண்டாவது?"

பொய் சொல்ல விரும்பினால் அதுதான் இடம். "வரைபடங்கள் இலக்கமும் திகதியும் கையொப்பமும் உள்ளவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்தவை."

ஸ்டனிஸ்லாஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அன்று முழுவதிலும் அவர் என்னை விரும்பியது அந்த ஒரு கணம்தான்.

"அப்படியானால் மிஞ்சியது மூன்றாவது மட்டும். உலோகம் பொய் சொல்லாது" என்ற அதிகாரி மேசைக்குக் கீழிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அலுமினியத்தில் வெட்டிய, விமான இறக்கைக்குள் எலும்பாக நிற்கும் விலா ஒன்று. மேல்விளிம்பில் மெழுகு வடிந்து காய்ந்திருந்தது. ஸ்டனிஸ்லாஸின் வீட்டில் அதைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் பலகை வைத்து, அந்தோனியார் சொரூபத்தை நிறுத்தியிருந்தார்களாம். வீட்டைத் தேடியவர்கள் அந்தோனியாரை மரியாதையாக இறக்கிவைத்துவிட்டு விலாவைக் கொண்டுவந்திருந்தார்கள்.

உலோகம் வெட்டப்பட்டிருக்கிறது. என் வாசகமே அவரைப் பிடித்துக்கொண்டது.

லியனகே என்னைப் பார்க்கவில்லை. "வரைபடத்தின்படி வெட்டியதா என்று பார்" என்றார், அவ்வளவுதான்.

உருக்கு அளவுகோலை நான் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன். சாவடிகளில் அதற்காகப் பலமுறை விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஏழாம் வரைபடத்தை விரித்தேன். விலாவின் நீளம் நாற்பத்தெட்டு அங்குலம். அதன் மூலையில் ஸ்டனிஸ்லாஸ் தன் அச்சு எழுத்தில் எழுதியிருந்தார்: 'அனுமதிக்கப்படும் பிழை, அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒன்று. அதற்கு மேற்பட்டது கழிவு.' ஓரடி அளவுகோலால் நான்கு தடவை குறித்து அளந்தேன். முதலில் நம்பவில்லை. மறுபக்கத்திலிருந்து அளந்தேன். மூன்றாம் முறை அதிகாரியிடம் கொடுத்து அவரையே அளக்கச் சொன்னேன்.

நாற்பத்தேழேகால்.

"முக்கால் அங்குலம் குறைவு" என்றேன். "இது இந்த வரைபடத்தின்படி வெட்டப்பட்டதல்ல. வடிவமைப்பாளரின் சொந்த விதிப்படி இது கழிவு. கழிவு, விமானத்தின் பாகமாகாது."

"தகடு அவ்வளவுதான் நீளம்!" ஸ்டனிஸ்லாஸ் எழுந்துவிட்டார். "பட்டறையில் கழித்துவிட்ட தகடு. வரைபடத்தைத் திருத்துவதாக இருந்தேன்."

"திருத்தினீர்களா?"

"இன்னும் இல்லை."

அந்த 'இன்னும் இல்லை' அவரை வீட்டுக்கு அனுப்பியது என்பது எனக்கும் லியனகேக்கும் அந்த நொடியே விளங்கியது. அவருக்கு விளங்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"அப்படியானால் இது செயற்றிட்டம் அல்ல என்று எழுதவா?"

"என்ன, செயற்றிட்டம் இல்லையா?" ஸ்டனிஸ்லாஸ் மேசையில் அடித்தார். "பதினொரு வருடம்! இது செயற்றிட்டம்தான். திணைக்களமே இலக்கம் தந்தது!" பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் பொரிந்தார். "மிஸ்டர், நீங்களும் ஒரு இஞ்சினியரா? முக்கால் இஞ்சுக்காக என்ர பிளேனைக் குப்பை எண்டுறீங்களே? உங்கட வாயால சொல்லுங்க பாப்பம், இது புரொஜெக்ட் இல்லையெண்டு!"

"ஐயா, தயவுசெய்து இருங்க" என்றேன்.

"இருக்கமாட்டன்!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஆளே ஒப்புக்கொள்கிறாரே. நான் என்ன செய்ய?"

அப்போது லியனகே, யன்னல் இல்லாத அந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வாசகம் குறைகிறது. பிழை என்னுடையது, நான் கவனித்திருக்க வேண்டும். முப்பது வருடமாக என் அறைக்கு வந்த வடிவமைப்பாளர்கள் எல்லோரும் தங்களுடையது செயற்றிட்டம் என்றுதான் சொன்னார்கள். நானும் சொன்னேன். இருபது வருடம் ஒரு பச்சைக் கோவையைப் பூட்டி வைத்திருந்தேன். நாதன், நான்காவது என்று போட்டு எழுது."

எழுதினேன். அந்த மேசையில், எல்லோர் முன்னாலும். எழுந்து நின்று வாசித்தேன். குரல் இடறவில்லை. அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீங்கள் ஏன் இதற்கு இலக்கம் கொடுத்தீர்கள்? உங்கள் ஆள் என்றா?"

"இல்லை. கோடுகள் நன்றாக இருந்தன. எரிய விட மனமில்லை. நான் செய்தது பிழை. அதை எழுத்தில் தருகிறேன்."

அவர் ஏழாம் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

மூன்று வாரங்களில் ஸ்டனிஸ்லாஸை விட்டார்கள். விலாவையும் வரைபடங்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குக் கண்டனக் கடிதம் ஒன்று வந்தது. லியனகேயே ஒப்பமிட்டது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்து, நடைமுறைப்படி என் சொந்தக் கோவையில் போட்டேன். முப்பத்தைந்து வருடச் சேவையில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு கண்டனம். எந்தப் பாராட்டுக் கடிதத்தையும்விட அதில்தான் எனக்குப் பெருமை.

அந்த நத்தார்ப் பண்டிகைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வெள்ளவத்தைக்கு வந்து என் மனைவியின் கையில் ஒரு கேக்குப் பெட்டியைக் கொடுத்தார். ஸ்டனிஸ்லாஸின் மனைவி பிலோமினா.

"இவருக்குத் தெரியாது நான் வந்தது. தெரிஞ்சா என்னோட கதைக்கமாட்டார். உங்கட அவர் தன்ர பிளேனைக் கழிவு எண்டு எழுதிப்போட்டாராம். அந்தோனியாரிட்ட ஒவ்வொரு செவ்வாயும் முறைப்பாடு."

"உங்களுக்கு?" என்று கேட்டாள் என் மனைவி.

"எனக்கு அவர் வீட்டில இருந்து முறைப்பாடு சொன்னாப் போதும்."

பிறகு புதுவருடம் பிறந்து, திணைக்களத்துக்கு ஓர் உறை வந்தது. கடிதம் இல்லை. ஏழாம் வரைபடம் மட்டும். நீளம் நாற்பத்தேழேகால் என்று திருத்தப்பட்டு, திருத்தம் 'ஏ' என்று குறிக்கப்பட்டு, திகதியிட்டு, ஒப்பமிடப்பட்டிருந்தது. கை இப்போதும் நடுங்கவில்லை.

இந்த முறை விதியை வளைக்கவில்லை. இலக்கம் ஐந்தையும் பதிவேட்டில் கீறியாயிற்று. கேட்டவர் இல்லாத விமானம். மஞ்சள் கோவை. ஆனால் விதியை மறுபடி வாசித்தேன். மூன்று வருடம் புதிதாக ஒரு தாளும் சேராவிட்டால்தான் எரிக்கலாம். சேர்ந்தால்? ஆகவே ஒவ்வொரு மூன்றாம் வருடமும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: 'உங்கள் வரைபடங்கள் திணைக்களத்தில் பாதுகாப்பாக உள்ளன. மேலதிக விவரம் இருப்பின் அறியத்தரவும்.' அவரும் தவறாமல் ஒரு வரியில் பதில் எழுதுவார். முதலாவது பதில்: 'மேலதிக விவரம்: அது செயற்றிட்டம்தான்.' ஓய்வு பெற்ற பிறகும் எழுதுகிறேன், பொதுமகனாக, அந்தக் கோவையின் நிலை என்ன என்று கேட்டு. கடிதத்துக்குத் திணைக்களம் பதில் போட்டே ஆக வேண்டும். பதில் என்பதும் ஒரு தாள்தான்.

ஆகவே ஷர்மிளா அவர்களே, நான்காவது வாசகத்தைப் பற்றிய என் கருத்து: எடுக்க வேண்டாம். மரியாதை இல்லாததுபோல் தெரிகிறதென்றால், அது எழுதப்பட்ட அறையில் மரியாதைக்கு இடம் இருக்கவில்லை. ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்ப மட்டும் இடம் இருந்தது. தன் வேலையில் பெருமை கொண்ட ஒருவர் தன் வாயாலேயே தன்னை மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த வாசகம் இனியும் உதவும். பெருமைக்காரர்கள் இந்தத் துறையில் குறையப் போவதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். அந்த மஞ்சள் கோவையில் கடைசித் தாள் சேர்ந்து இந்த ஆவணியோடு மூன்று வருடம். இக்குறிப்பின் ஒரு பிரதியை அதில் சேர்த்து, இன்னொன்றைக் கொட்டாஞ்சேனைக்கு, பதிவுத் தபாலில், திரு. ஸ்டனிஸ்லாஸுக்கு அனுப்பவும். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆனால் பதில் வரும். நன்றி இருக்காது. அதையும் கோவையில் போட்டுவிடுங்கள்.